ஐந்தாவது மனிதனின் மூக்கு

எங்கள் அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்தில் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஆறாவதாக ஒருவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். முதல் ஐந்து பேருக்குச் சம்பளம் கிடையாது. ஆறாவது ஆள் அந்தக் கூடத்தின் காவலர். இது அவருடைய கதை.

பத்தொன்பது வருடமாக நிற்கிறார். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை வரை, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, கைகளைப் பின்னால் கட்டி, தலையைச் சற்று முன்னுக்கு நீட்டி. அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவருடைய சாப்பாட்டுப் பை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. கயிற்றைத் தாண்டாதே, கண்ணாடிப் பெட்டியில் சாயாதே, பொம்மைக்குப் பிஸ்கட் நீட்டாதே. இந்த மூன்றையும் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்ல வேண்டும், இருநூறாவது தடவையும் கோபம் வராமல் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும்.

பள்ளிப் பிள்ளைகள் அவரைக் குரங்கு மாமா என்பார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்ததைக் காட்டும் அந்த ஐந்து பொம்மை வரிசையில் முதலில் கூனி நிற்கும் உருவத்தைக் காட்டி அவர் பதில் சொல்வார்: "குரங்கு மாதிரி இருக்கறது அவர். நான் இந்தக் கடைசி ஆளு. ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தனை லட்சம் வருஷம் ஓடியிருக்கு, அதுக்காவது மரியாதை குடுங்கடா!"

அவருடைய கண்ணாடியைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. தடித்த கறுப்புச் சட்டம், அதைவிடத் தடித்த வில்லை. அந்த வில்லைக்குப் பின்னால் அவர் கண்கள் எங்கோ தூரத்தில் இருக்கும் இரண்டு மிளகு மாதிரி தெரியும். கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

நான் அங்கே சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மானுடவியலில் முதுகலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஊரில் எங்கள் தெருவுக்கும் நான்தான் முதல். பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்க அட்டைகளை எழுதுவது என் வேலை. "இதெல்லாம் யார் எழுதினது?" என்று யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், நான்தான் என்று சொல்வது நானாக எடுத்துக்கொண்ட வேலை.

போன வருடம் வரை ஐந்தாவது இடத்தில் கோட்டு போட்ட ஒரு மர மனிதன், கையில் தோல் பெட்டியுடன் நின்றுகொண்டிருந்தான். நவீன மனிதன் என்று பலகை. கரையான் அவனை உள்ளேயிருந்து தின்றுகொண்டே வந்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கூடத்தைத் திறந்தபோது, முழங்கால் மடிந்து குப்புறக் கிடந்தான். கூடக் காவலர் மாடிப்படி ஏறி இயக்குநர் அறைக்கு ஓடிப்போய்ச் சொன்ன வாசகம் அருங்காட்சியகத்தில் இன்றும் பிரபலம்.

"மேடம், நவீன மனுஷன் கவுந்துட்டான்."

இயக்குநர் அம்மாள் பெரிய படிப்பாளி, சிக்கனக்காரி. புதிய உருவம் செய்வதற்கு முன்னால் எங்களையெல்லாம் கூப்பிட்டுவைத்து, நவீன மனிதன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டார். கணக்கர் செல்போன் என்றார். மின்வேலைக்காரர் டார்ச் லைட் என்றார். தோட்டக்காரர் யோசித்துப் பார்த்து, "கைல பையாவது இருக்கணும் மேடம், வெறுங்கையோட எவன் வீட்டுக்குப் போறான்?" என்றார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். இந்தத் துறையில் நவீன மனிதன் என்றால் செல்போன் வைத்திருப்பவன் அல்ல. எலும்பும் மண்டையும் நம்மைப் போலவே உள்ளவன். அவன் லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் நடந்திருக்கிறான். சக்கரம் வேண்டாம், எழுத்து வேண்டாம், பயிர் வைக்கக்கூடத் தெரிந்திருக்க வேண்டாம், அவனும் நவீன மனிதன்தான்.

"ரொம்ப சரி. அப்போ கைல ஒண்ணும் வேணாம்" என்றார் இயக்குநர். எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

உருவம் செய்ய வந்த அச்சுக்காரர் ஆளை நிறுத்தி, உடம்பில் நேராக அச்சு எடுத்து வார்ப்பவர். முதலில் வாசலில் நிற்கும் செக்யூரிட்டித் தம்பியைக் காட்டினோம். தினமும் எடை தூக்குகிற பையன். சட்டையைக் கழற்றியதும் இயக்குநர் தலையை ஆட்டிவிட்டார். "இவர் நவீன மனுஷன் இல்ல, விளம்பர மனுஷன். போடுங்க சட்டைய." அச்சுக்காரர் வேறு ஆள் தேடிக் கூடம் கூடமாக நடந்தார். மூன்றாம் கூடத்தில் கூடக் காவலரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இவரு போதும். நிக்கிறதே இவருக்குத் தொழில். நாப்பது நிமிஷம் அசையாம நிக்கணும்னா வேற யாரால முடியும்?"

அன்று மாலை ஒப்புதல் படிவத்தில் வீட்டாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் அவருடன் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. ஜன்னலோரம் தையல் எந்திரம். அவர் மனைவி, எனக்கு அண்ணி, மருத்துவமனைக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டுகள் தைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கை இல்லாத வெள்ளைக் கோட்டுகள் குவிந்து கிடந்தன.

"ஏங்க, உலகத்துல வேற மனுஷனே கிடைக்கலையா அவங்களுக்கு?" என்றார் அண்ணி, எந்திரத்தை நிறுத்தாமல்.

"நவீன மனுஷன் நாந்தானாம். படிச்சவங்க சொல்றாங்க. தம்பியக் கேளு."

"நவீன மனுஷனுக்கு நாலு நாளா சமையக்கட்டுக் குழாய் ஒழுகறது மட்டும் கண்ணுக்குத் தெரியல."

மூலையில் அவர்கள் மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு, வீட்டில் இன்னும் பாப்பாதான். புத்தகத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்திருந்ததால் மூக்கால் படிப்பது போல இருந்தது.

"பாப்பா, கண்ணாடி எங்க?" என்றார் அவர்.

"பைல இருக்கு."

"பைக்கு எதுக்குக் கண்ணாடி? பையா பரீட்சை எழுதப் போகுது?"

"அப்பா, என்ன விடு."

"போடு பாப்பா."

"போட மாட்டேன். போட மாட்டேன்னா மாட்டேன்."

அண்ணி என்னிடம் சொன்னார்: "ரெண்டு மாசமா இதே கூத்துதான் தம்பி. ஸ்கூல்ல சோடாபுட்டின்னு கூப்பிடறாங்களாம். போர்டுல ஆறுன்னு எழுதினா இவ எட்டுன்னு எழுதிட்டு வர்றா. கணக்குல போன தடவ ஒத்த இலக்கத்துல மார்க்கு. வாத்தியாரம்மா கூப்பிட்டு, கவனமே இல்லன்னு சொல்றாங்க."

பாப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புத்தகத்தை இன்னும் ஒரு அங்குலம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

கீழே இறங்கும்போது படிக்கட்டில் அவர் நின்றார். "எனக்கும் எட்டாவதோட சரி" என்று ஆரம்பித்தார். அவர் கண் கெட்டிருந்தது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் கலங்கிய தண்ணீர் மாதிரி தெரியும் என்று நினைத்திருந்தார். பலகையில் இருப்பதைத் தப்பாக எழுதினார் என்று அடி விழுந்தது. மக்கு என்று பெயர் வந்தது, பெயரோடு பள்ளியும் நின்றது. கிடங்கில் மூட்டை இறக்கப் போனார். இருபத்தொன்றாம் வயதில் பெட்டி எண்ணைத் தப்பாகப் படித்து, ஒரு ஊருக்குப் போக வேண்டிய சரக்கை வேறு ஊருக்கு ஏற்றிவிட்டார். கிடங்கு மேலாளர் அடிக்கக் கை ஓங்கியவர், ஏனோ கையை இறக்கி, "இது என்ன, எத்தனை விரல்?" என்று கேட்டாராம்.

"கண்ணாடி போட்ட அன்னிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இன்னொருத்தனப் பாத்து சிரிக்கிறான் தம்பி. இங்கேருந்து எனக்குத் தெரியுது! அதுக்கு முன்னாடி கிட்ட வந்தாத்தான் மனுஷனுக்கு மூஞ்சியே வரும்னு நெனச்சிட்டிருந்தேன். அத்தனை வருஷத்துல எத்தனை பேர் தூரத்துலேருந்து என்னப் பாத்து சிரிச்சிருப்பாங்க. நான் ஒருத்தனுக்கும் திருப்பிச் சிரிக்கலையே."

தெரு விளக்கின் கீழ் வந்ததும் மனதில் இருந்ததைச் சொன்னார். "பாப்பா படிப்பு நிக்கக் கூடாது. அதுக்கு அவ அதைப் போடணும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அஞ்சாவது ஆளுக்குக் கண்ணாடி போட்டு நிறுத்துங்க. மனுஷங்க வரிசைலயே கடைசியா, பெரிய மனுஷனா, கண்ணாடியோட ஒருத்தன் நின்னா, பாப்பா வந்து பாத்துக்குவா. அவ கிளாஸ் பிள்ளைங்களும் பாக்கும். அப்புறம் எவ சோடாபுட்டின்னு கூப்பிடுவா?"

நான் அங்கேயே நின்று அவருக்குப் பாடம் எடுத்தேன். கண்ணாடி உடம்பின் பகுதி அல்ல, செய்பொருள். மரபில் வருவதில்லை. ஆகவே அது இனத்தின் அடையாளம் ஆகாது. என் பேச்சு எனக்கே இனித்தது. அவர் முழுதும் கேட்டுவிட்டு, "சரி தம்பி. நான் மேடத்துக்கிட்டயே கேட்டுக்கறேன்" என்றார்.

மறுநாள் கேட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"கண்ணாடி போட்டா அது நீங்க ஆயிடும்" என்றார் இயக்குநர். "எனக்கு வேணுங்கறது ஒரு ஆள் இல்ல, இனம். பாக்கறவங்க எல்லாரும் அதுல தங்களப் பாக்கணும்."

"மேடம், லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கண்ணோட நான் பொறந்திருந்தா, புலியப் பாறைன்னு நெனச்சு சாஞ்சு உக்காந்திருப்பேன். இந்நேரம் எலும்புகூட உங்களுக்குக் கிடைச்சிருக்காது."

இயக்குநர் சிரித்துவிட்டார். "பக்கத்துல இருக்கறவங்க விட்டிருப்பாங்களா? புலி வருதுன்னு கத்தியிருப்பாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். அப்போ பக்கத்துல இருந்தவன் கத்தினான். இப்போ என்ன முன்னப்பின்னப் பாக்காத எவனோ ஒருத்தன், எங்கயோ உக்காந்து வில்லை தேச்சு அனுப்பறான். அவன் கத்தறதுதான் மேடம் இது." அவர் தன் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "இதக் கழட்டிட்டு என்ன மனுஷன்னு நிறுத்தினா, அது பாதி மனுஷன்."

எனக்கு நேற்றைய என் சொற்பொழிவு நினைவுக்கு வந்து காது சூடாகியது.

"நல்லா சொன்னீங்க" என்றார் இயக்குநர். "ஆனா கண்ணாடி வைக்க முடியாது. வச்சா நாளைக்கு வாட்சும் வைக்கணும், செருப்பும் வைக்கணும். எங்க நிறுத்தறது?"

அவர் தலையசைத்துவிட்டுத் தன் கூடத்துக்குப் போனார். அன்றைக்குப் பிஸ்கட் நீட்டியவர்கள் இரண்டு பேர் கோபமான சொல் கேட்டார்கள். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அச்சு எடுத்தது பின்கட்டு அறையில். மீசைக்கும் புருவத்துக்கும் வாசலின் தடவி, பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் பசையை முகத்தில் அப்பி, அதன் மேல் எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் மாவுக்கட்டைச் சுற்றினார் அச்சுக்காரர். மூக்குத் துவாரம் இரண்டு மட்டும் திறந்திருந்தது. அவருடைய கண்ணாடி என் கையில். கொடுக்கும்போது, "பத்திரம் தம்பி, அதுல என் ஊரே இருக்கு" என்றார். பதினைந்தாம் நிமிடம் அந்த வெள்ளை உருண்டைக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. நின்றுகொண்டே தூங்கிவிட்டார்.

"தூங்கட்டும். முகம் தளந்தா அச்சு சுத்தமா விழும்" என்றார் அச்சுக்காரர். அவருக்கென்று ஒரு விதி உண்டு. வார்ப்பில் மூடியிருக்கும் கண்களைக் கத்தியால் திறப்பதைத் தவிர, அச்சில் விழுந்த எதையும் அழிக்க மாட்டார், விழாத எதையும் சேர்க்க மாட்டார்.

ஒரு மாதத்தில் உருவம் வந்து நின்றது. என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு இயக்குநரின் சிக்கனம் விடை கண்டுபிடித்தது. பண்டக அறையில் காவலர் சீருடை ஒன்று மிச்சம் இருந்தது, சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிற முழுக்கால்சட்டை. பட்டையையும் பெயர் அட்டையையும் பிரித்துவிட்டு அதையே மாட்டினோம். கை பின்னால் கட்டியிருந்தது. தலை சற்று முன்னால் நீண்டிருந்தது.

அட்டை எழுதுவதற்காக நான் உருவத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மூக்குத் தண்டின் இரண்டு பக்கமும், அவரைக்கொட்டை அளவுக்கு, இரண்டு குழி. நான் சும்மா இருந்திருக்கலாம். நுணுக்கமாகப் பார்க்கப் படித்தவன் என்ற மிதப்பு விடவில்லை. இயக்குநரையும் அச்சுக்காரரையும் கூட்டிவந்து காட்டினேன்.

"குழியா? எங்க?" என்றார் அச்சுக்காரர். "மூக்குன்னா அப்படித்தானே இருக்கும்?"

இயக்குநரும் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையே."

அச்சுக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மூக்கிலும் இரண்டு குழி. இயக்குநர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அங்கேயும் இரண்டு. முப்பது வருடமாக இருவரும் தினமும் முகம் கழுவும்போது பார்க்கும் மூக்கு அதுதான். ஒரு மாதம் உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் அவர்கள் கண்ணில் படாததற்குக் காரணம் அப்போது புரிந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கூடக் காவலர் மெதுவாகத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது எலும்புல தெரியுமா?" என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"தெரியாது மேடம். தோல்ல மட்டும்தான்."

"அப்போ லட்சம் வருஷம் கழிச்சு என் மண்டையத் தோண்டி எடுக்கறவனுக்கு, நான் எதையுமே பாக்க முடியாம கஷ்டப்பட்டது தெரியாது." அவர் விரலால் உருவத்தின் மூக்கைத் தடவினார். பசை வைத்துக் குழியை அடைக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். "நாம கண்ணாடி வைக்கல. அச்சுக்காரரும் எதையும் சேக்கல. இது உடம்பு. உடம்பத் திருத்தறது நம்ம வேலை இல்ல. விட்டுடுங்க."

எல்லாரும் போனபின் நான் கூடக் காவலரிடம் போய், "கண்ணாடிதான் கிடைக்கல. குழி போதுமாண்ணே?" என்றேன்.

"கண்ணாடி வச்சிருந்தா எவனாவது ஒரு நாளைக்குக் கழட்டிட்டுப் போயிடுவான்" என்றார். "இத எவன் கழட்டுவான்?"

ஆனால் பார்க்க வேண்டியவள் வரவில்லை. திறப்பு நாளன்று பரீட்சை என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தியாரம்மா மறுபடி கூப்பிட்டு, இந்தத் தடவையும் தேறாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருடம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நாளுக்கு நாள் அவர் நிற்பதில் ஒரு சாய்வு விழுந்துகொண்டே வந்தது.

அவள் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம், சிறப்பு வகுப்பு முடிந்து. அண்ணி கோட்டுகளை ஒப்படைக்கப் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது. கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் ஏணியில் நின்று அட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் தூரத்து ஜன்னலில் வெயிலுக்குத் திரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பாப்பா வாசலில் ஒரு நொடி நின்றாள். பிறகு நேராகக் கயிற்றை நோக்கி நடந்தாள்.

"அப்பா, சாவி குடு."

ஐந்தாவது மனிதன் பேசாமல் நின்றான்.

"அப்பா, உன்னத்தான். அம்மா இன்னும் வரல. சாவி குடு, எனக்குப் பசிக்குது."

ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். பாப்பா எரிச்சலோடு கயிற்றுக்கு மேல் கையை நீட்டி, சாம்பல் நிறச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருந்தது கை இல்லை, கெட்டியான வார்ப்பு.

கயிற்றைத் தாண்டாதே என்று இருநூறு தடவை சொல்கிற குரல் அன்று வரவில்லை. ஜன்னலருகே அவர் திரையின் நுனியைப் பிடித்தபடி மரமாக நின்றிருந்தார். பெற்ற மகள், பத்தடி தூரத்தில், தன்னையும் ஒரு பொம்மையையும் பிரித்துப் பார்க்க முடியாமல் நிற்கிறாள். யாரோ இருவர் சிரிக்கவும் செய்தார்கள். அவள் திரும்பி, வெளிச்சத்தில் கலங்கித் தெரிந்த இன்னொரு சாம்பல் நிறத்தைப் பார்த்து, சந்தேகமாகக் கேட்டாள்.

"அப்பா?"

"இங்கதான் பாப்பா இருக்கேன்."

அவள் அவரிடம் வந்த வேகத்தில் பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அழுவாள் என்று நினைத்து நான் ஏணியிலிருந்து இறங்கினேன். அவள் அழவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"எல்லாம் உன்னாலதான்!"

"நான் என்ன பாப்பா பண்ணேன்?"

"உன் கண்ணாடி மாதிரியே எனக்கும் வாங்கிட்டு வந்தல்ல? அதே கறுப்பு, அதே தடிமன், எல்லாம் அதே!"

"நல்ல சட்டம் பாப்பா அது. பத்து வருஷத்துக்கு உடையாதுன்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாரு."

"அதான்! உடையவே மாட்டேங்குது! நானும் ரெண்டு தடவ மாடிலேருந்து போட்டுப் பாத்துட்டேன்."

"சோடாபுட்டின்னு கூப்பிடறாங்கன்னுதான…"

"சோடாபுட்டின்னு எல்லாரையுந்தான் கூப்பிடறாங்க. எங்க கிளாஸ்ல எட்டு சோடாபுட்டி இருக்கு, யாரு கவலைப்படறா? என்ன மட்டுந்தான் அதப் போட்டா குரங்கு மாமான்னு கூப்பிடறாங்க. மீசை ஒண்ணுதான் குறைச்சலாம்."

ஏணியின் கீழ் நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் சிரிக்கவில்லை. "இத ஏன் பாப்பா முதல்லயே சொல்லல?" என்றார், மிகவும் தணிந்த குரலில்.

அவள் கீழே கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினாள். "நீ ஆசையா வாங்கிட்டு வந்த. அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரின்னு அம்மாகிட்டக் காட்டின. எப்படிச் சொல்றது?"

புலி, பாறை, இனம், எலும்பு என்று பெரியவர்கள் மூன்று பேர் ஒரு மாதம் பேசியிருக்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தச் சட்டம் பிடிக்கும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதில் முதுகலை படித்தவனும் அடக்கம்.

மறுநாளே கடைக்குப் போனார்கள். "நீங்க படிச்சவர், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சுவர் முழுக்க விளக்குப் போட்ட தட்டுகளில் நூற்றுக்கணக்கான சட்டங்கள். பாப்பா ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியைப் பார்த்தாள். அங்கேதான் சிக்கல். கடையில் மாட்டியிருக்கும் சட்டங்களில் வெறும் பிளாஸ்டிக் வில்லை, பவர் கிடையாது. நிலைக்கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போனால்தான் அவளுக்குத் தன் முகம் தெரியும். அப்படிப் போனால் தெரிவது ஒரு கண்ணும் பாதிச் சட்டமும்தான்.

"எப்படிப்பா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"இது?"

"அதுவும் ரொம்ப நல்லா இருக்கு."

"எல்லாத்தையும் நல்லா இருக்குன்னா எப்படிப்பா?"

"எல்லாமே நல்லா இருந்தா நான் என்ன பாப்பா பண்றது?"

வட்டமான ஒன்றைப் போட்டபோது நான், "இதுல அறிவாளி மாதிரி இருக்க" என்றேன். உடனே கழற்றி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். என் செல்போனைக் கேட்டாள். ஒவ்வொரு சட்டமாகப் போட்டுக்கொண்டு என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பதினோரு சட்டம், இருபத்திரண்டு படம். பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பைக்குள் கைவிட்டு, உடையாத அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்து முக்காலியில் அவள் அப்பா எட்டிப் பார்த்தார்.

"அடடா, அப்பாவும் பொண்ணும் ஒரே மாதிரி!" என்றார் கடைக்காரர்.

பாப்பா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரர் மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஏழாவது சட்டத்துக்கு வந்ததும் படத்தைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், மறுபடி பெரிதாக்கினாள். தேன் நிறம், மெல்லிய கம்பி. "இது" என்றாள். வில்லை தேய்த்து வர நான்கு நாள் ஆகும் என்றார் கடைக்காரர். வியாழக்கிழமை.

"நாளைக்குத் திங்கக்கிழமை, கணக்கு டெஸ்ட் இருக்கே பாப்பா" என்றார் அவர், பயந்து பயந்து.

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றப் போன கையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் இதப் போட்டுக்கறேன். ஆனா அதுவரைக்கும் நீ ஸ்கூல் பக்கம் வரக் கூடாது. ரெண்டு பேரையும் சேத்து யாரும் பாக்கக் கூடாது."

"வாசல் வரைக்கும்?"

"ம்ஹூம்."

"அந்த ரோட்டுத் திருப்பம் வரைக்கும்?"

"வேணாம்பா."

"சரி. பஸ் ஸ்டாப்?"

பாப்பா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை தெளிவாக அவரைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் வா" என்றாள். "ஆனா மீசையக் கொஞ்சம் குறைச்சுக்கோ."